லேக் வியூ ரோட்டில் லேக் எங்கே?

(குழு: மாம்பலம் வீடு)

ரம்யா: வாசலில் இரண்டாம் படி வரை தண்ணீர். அப்பாவின் ஸ்கூட்டருக்கு சீட் மட்டும்தான் தெரிகிறது.

கார்த்தி: லேக் வியூ ரோடு என்ற பெயருக்கு இன்றைக்குத்தான் அர்த்தம் வந்தது 😂

பெரியப்பா: ஏரி நிஜமாகவே இருந்ததடா. நுங்கம்பாக்கத்திலிருந்து சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீளமாகக் கிடந்தது. வெள்ளைக்காரர்கள் லாங் டேங்க் என்றார்கள். நம் பக்கம் அதன் மேற்குக் கரை.

ரம்யா: அப்புறம் யார் மூடினது?

பெரியப்பா: நீதிக்கட்சி ஆட்சியில். பழைய நகரமான ஜார்ஜ் டவுனில் இடம் போதவில்லை. 1920இல் நகரமைப்புச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் ஏரியைத் தூர்த்து மனை போட ஆரம்பித்தார்கள். நடுவில் ஒரு பூங்கா, அதைச் சுற்றி நாலு பக்கமும் சாலை. பூங்காவுக்கு அப்போது முதல் மந்திரியாக இருந்த பனகல் ராஜாவின் பெயர். பேட்டைக்கு நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயர் பெயர்.

சித்தி: அதுதான் தி.நகரா! மிச்ச ஏரி?

பெரியப்பா: நுங்கம்பாக்கம் பக்கம் கொஞ்சம் இருந்தது. அங்கேதான் 1976இல் வள்ளுவர் கோட்டம் வந்தது. லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்ற பெயர்கள் மட்டும் இன்னும் இருக்கின்றன பார்.

கார்த்தி: மனை போட்டால் போதுமா பெரியப்பா? ஆள் எப்படி வந்தார்கள்?

பெரியப்பா: ரயில். 1931இல் பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரத்துக்கு மின்சார ரயில் விட்டார்கள். உன் கொள்ளுத்தாத்தா கும்பகோணத்திலிருந்து வந்து இங்கே வாடகைக்குக் குடியேறியதே அதனால்தான். காலையில் மோர்சாதத் தூக்கோடு மாம்பலத்தில் ஏறினால் பீச்சில் இறங்கி ஆபீசுக்கு நடந்துவிடுவார். ரயில் இல்லையென்றால் இந்தத் தெருவில் குமாஸ்தாவுக்கு என்ன வேலை?

அத்தை: இப்போது அதே கதைதான் ஓ.எம்.ஆரில், அதுதான் பழைய மகாபலிபுரம் ரோட்டில். 2000இல் டைடல் பார்க் என்ற ஐ.டி. வளாகம் வந்தது, பின்னாலேயே அடுக்குமாடிகள். நாங்கள் பெரும்பாக்கத்தில் ஒரு பிளாட் பார்த்திருக்கிறோம். 8ஆவது மாடி. பால்கனியிலிருந்து லேக் வியூ என்கிறார் புரோக்கர்.

கார்த்தி: இன்னொரு லேக் வியூ 🙈

பெரியப்பா: அத்தைக்குச் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அது பள்ளிக்கரணைக் கழுவெளி, அதாவது சதுப்பு நிலத்தின் ஓரம். தென்சென்னையின் ஏரிகள் பல நிரம்பி வழிந்தால் தண்ணீர் அங்கேதான் இறங்கும். அதில் குப்பை கொட்டினார்கள், ரோடு போட்டார்கள், கட்டடம் கட்டினார்கள். மிஞ்சியதற்கு 2022இல்தான் ராம்சார் அந்தஸ்து, அதாவது சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற அங்கீகாரம், கிடைத்தது.

அத்தை: வில்லங்கச் சான்றிதழ் போட்டுப் பார்த்துவிட்டோம் அண்ணா, சுத்தமாக இருக்கிறது.

பெரியப்பா: வில்லங்கத்தில் யார் யாருக்கு விற்றார் என்பதுதான் தெரியும். கிராமத்து நிலக் கணக்கான ‘அ’ பதிவேட்டில் அந்த சர்வே எண்ணுக்கு எதிரே ஏரி, கழுவெளி, புறம்போக்கு என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார். அட்வான்ஸ் கொடுத்துவிட்டாயா?

அத்தை: 50 ஆயிரம் 😶

சித்தி: எட்டாவது மாடிக்குத் தண்ணீர் வராதே?

ரம்யா: சித்தி, லிஃப்ட், மோட்டார், ஜெனரேட்டர் எல்லாம் கீழேதானே இருக்கும்!

பெரியம்மா: உங்கள் பெரியப்பாவை யாராவது போனைக் கீழே வைக்கச் சொல்லுங்கள். மூன்றாம் படிக்குத் தண்ணீர் வந்துவிட்டது. அரிசி மூட்டை இன்னும் தரையிலேயே கிடக்கிறது.