மாடர்ன் அல்ஜீப்ரா வீட்டுக்கணக்கு: யாருகிட்டப் போய்க் கேட்டீங்க?

பல்லடத்துக்காரன்
மூணாம் வருசம் பி.எஸ்சி. ஏ4-ல (நாலு பொருளை இடம் மாத்தற இரட்டைப்படை மாற்றங்களோட குரூப்) 12 உறுப்பு, ஆனா 6 உறுப்புல சப்குரூப் (உள்ளயே தனிக் குரூப்பா நிக்கற கூட்டம்) கிடையாதுன்னு நிரூபிக்கோணும். சப்குரூப்போட உறுப்பு எண்ணிக்கை குரூப்போட எண்ணிக்கையை மீதியில்லாம வகுக்கும்ங்கற லாக்ராஞ்ச் தியரத்துக்கு மறுதலை இல்லைன்னு காட்டற அதே கணக்குத்தான். ட்யூசன்ல "பரிச்சைக்கு வராது, உடு"ன்னுட்டாங்க. பக்கத்துத் தறிக்குடோன்ல ஒரு அக்கா, கல்யாணத்துக்கு முந்தி எம்.எஸ்சி முடிச்சவங்க. தறிச் சத்தத்துல கத்திக் கத்தித்தான் பேசினோம். பில்லுக்குப் பின்னால எழுதிக் காட்டினாங்க. "ஏங் கண்ணு, 6 இருந்தா இன்டெக்ஸ், அதாவது 12-ஐ 6-ல வகுத்தா வர்றது, 2. அப்ப எதை வர்க்கம் பண்ணுனாலும் உள்ளதான வந்து விழுகோணும்? ஒவ்வொரு 3-சைக்கிளும், அதாவது மூணு பொருளைச் சுத்தி மாத்தறது, இன்னொரு 3-சைக்கிளோட வர்க்கம். அது மொத்தம் 8. ஆறு சேர்ல எட்டுப் பேரு எப்படி உக்காருவாங்க?" அதுக்குள்ள நூல் அறுந்து தறி நின்னுபோச்சு, எந்திரிச்சுப் போய்ட்டாங்க. இத்தனை தெளிவாச் சொல்றவங்க கிளாஸ் எடுக்காம இருக்காங்களேன்னு இன்னும் மனசு கேக்க மாட்டேங்குது.

ஈரோடு ட்யூசன்
எல்லா ட்யூசனும் அப்படி இல்லைங்க. போன வாரம் ஒரு புள்ள நார்மல் சப்குரூப் (எந்த உறுப்பால இடப்பக்கம் பெருக்குனாலும் வலப்பக்கம் பெருக்குனாலும் ஒரே கூட்டம் வர்றது) புரியலைன்னு அழுதுட்டு வந்துச்சு, சிரிச்சுட்டுப் போச்சு. படிக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன்: நேரா ஏ4-க்குப் போகாதீங்க. எஸ்3 (மூணு பொருளோட எல்லா இடமாற்றமும், 6 உறுப்பு) எடுத்து பெருக்கல் அட்டவணையோட 36 கட்டத்தையும் கையால நிரப்புங்க. அதுல (1 2)-ஐயும் ஐடென்டிட்டியையும் மட்டும் சப்குரூப்பா வெச்சு, (1 3)-ஐ இடப்பக்கம் ஒருக்கா, வலப்பக்கம் ஒருக்கா பெருக்குங்க. ரெண்டு கோசெட்டும் (அப்படிப் பெருக்கி வர்ற கூட்டம்) வேற வேற வரும். அதுனால அது நார்மல் இல்லை. இன்டெக்ஸ் 2-ன்னா மிச்சம் ஒரே கோசெட்தான், இடமும் வலமும் ஒண்ணாயிரும். அந்தக்கா சொன்ன வர்க்கம் உள்ள விழுகறதும் இதுனாலதான். அப்பறம் ஏ4-க்கும் அட்டவணை போட்டுப் பாருங்க, மறக்கவே மறக்காது.

பொள்ளாச்சி அம்மிணி
எனக்கு கெய்லி-ஹாமில்டன், அதாவது ஒவ்வொரு சதுர அணி ஏ-வும், (ஏ மைனஸ் லாம்டா ஐ)-யோட டிட்டர்மினன்ட் சைபர்ங்கற தன்னோட சிறப்பியல்புச் சமன்பாட்டுல பொருந்தும்ங்கற தேற்றம். சீனியர் அண்ணா ஒருத்தர், "லாம்டா இருக்கற எடத்துல ஏ-வைப் போடு, ஏ மைனஸ் ஏ சைபர், டிட்டர்மினன்ட்டும் சைபர், முடிஞ்சுது"ன்னு ஒரே வரில முடிச்சுட்டார். ராத்திரி படுத்தும் தூக்கம் வரலை. டிட்டர்மினன்ட் ஒரு எண்ணு. நிரூபிக்க வேண்டியது ஒரு அணி சைபர்ங்கறது. ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? காலைல அட்ஜாயின்ட் (சேர்ப்பு அணி) வெச்சு, கெழுவெல்லாம் ஒப்பிட்டு, ரெண்டு பக்கம் நானே எழுதினேன். அண்ணாவோட ஒரு வரியை எழுதின புள்ளைங்களுக்கும் எனக்கும் ஒரே மார்க். திருத்தினவங்க படிச்சுத்தான் பாத்தாங்களா?

கோபி
ட்யூசன் சார், ஏ4 அட்டவணைன்னா 144 கட்டம்ங்க! நான் எங்க சார்கிட்ட சத்தி பஸ்ல நின்னுட்டே கேட்டேன். அவரு எறங்க வேண்டிய ஸ்டாப்பு தாண்டியும் எறங்காம சொல்லிக் குடுத்தாரு. ஐடென்டிட்டி 1, ரெட்டை இடமாற்றம் (ரெண்டு ஜோடி இடம் மாறறது) 3, 3-சைக்கிள் 8. இப்படி வகை பிரிச்சா அரைப் பக்கம் போதும். நாளைக்கு அசைன்மென்ட் வைக்கோணும்னு நிக்கற பையனை எதுக்குங்க கட்டம் போட உடறீங்க?