சிறுவருக்கான ஹெபடைடிஸ் ஏ தடுப்பூசி எங்கே கிடைக்கும்?

களுவாஞ்சிகுடிப் பக்கம் இருக்கிறோம். தரம் 4 படிக்கும் மகளுக்குச் செங்கமாரி. முதலில் காய்ச்சல், சத்தி. சாப்பாட்டைப் பார்த்தாலே ஓங்காளம். அப்புறம் சிறுநீர் கடும் மஞ்சளாகி, ஐந்து நாளுக்கு முன் கண்ணும் மஞ்சளானது. இரத்தப் பரிசோதனையில் ஹெபடைடிஸ் ஏ. அவளுடைய வகுப்பில் மூன்று வாரத்துக்குள் நான்கு பிள்ளைகளுக்கு வந்துவிட்டது.

பாடசாலைக் கிணற்றுக்குக் குளோரின் போட்டாயிற்று. வீட்டில் கொதித்தாறிய நீர்தான்.

பயமெல்லாம் நான்கு வயது மகனை நினைத்துத்தான். சின்னப் பிள்ளைகளுக்குக் கண் மஞ்சளாகாமலே தொற்று இருக்கும், மற்றவருக்கும் பரவும். தொற்றுக்கு ஆளாகி 14 நாளுக்குள் தடுப்பூசி போட்டால் பலனுண்டு என்றார் டொக்டர். நகரில் நான்கு பாமசியில் கேட்டேன், இல்லை.

மட்டக்களப்பிலோ கல்முனையிலோ சிறுவருக்கான ஊசி இப்போது எங்கே இருக்கிறது?