புதுப்பிப்பு: அம்மாவின் குதிகால் வலி

மூன்று மாதத்துக்கு முன் இங்கே கேட்டிருந்தேன்: அம்மாவின் இடது குதிகாலில் எலும்பு முள் வளர்ந்திருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிந்தது, அறுவை சிகிச்சை செய்துதான் ஆக வேண்டுமா என்று. பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அறுவை சிகிச்சை தேவைப்படவில்லை.

டாக்டர் வலது காலையும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார். அதிலும் அதே முள்! ஆனால் அந்தக் கால் ஒரு நாளும் வலித்ததில்லை. முள் இருந்தும் வலியே இல்லாமல் நடமாடுபவர்கள் நிறையப் பேராம். குதிகாலிலிருந்து விரல்கள் வரை பாதத்தைத் தாங்கும் பட்டையான தசைநார் நைந்துபோவதுதான் பெரும்பாலும் வலிக்குக் காரணம். உடல் எடை, நாள் முழுக்க நிற்கும் வேலை, கெண்டைக்கால் இறுக்கம் எல்லாம் அதை மோசமாக்கும்.

அம்மாவுக்கு மூன்றும் உண்டு. கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் உள்ள பூக்கடையில் சிமெண்டுத் தரையில், தேய்ந்த சிலிப்பரோடு, பத்து மணி நேரம் நின்றபடி சரம் கட்டுவார். நாங்கள் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை, அதுதான் எனக்கு வருத்தம்.

இப்போது கடையில் ஒரு உயரமான முக்காலி, காலில் கெட்டியான அடிப்பாகம் உள்ள செருப்பு. காலையில் கட்டிலைவிட்டு இறங்கும் முன், வலிக்கிற காலை மறு தொடைமேல் வைத்து கால் விரல்களை முழங்காலை நோக்கி இழுத்து 10 விநாடி பிடிக்கிறார். இப்படி 10 முறை, ஒரு நாளைக்கு மூன்று வேளை. எடை இன்னும் குறையவில்லை. ஆனாலும் காலையில் முதல் அடி வைக்கும்போது சுவரைப் பிடிப்பதில்லை. பத்துமலை முருகன் கோயிலின் 272 படிகளை மட்டும் இந்த வருடம் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கீழே நின்றே கும்பிட்டுக்கொள்கிறேன் என்றார்.