ஒரு கோல்ஃப் ஹோல் நல்ல ஹோலா என்று எதை வைத்துச் சொல்வது?

கோட்டாறு_பையன்

வணக்கம். ஊர் நாகர்கோவில், வேலை திருவனந்தபுரத்தில். உடன் வேலை பார்க்கும் ஒருவர் கவடியார் கோல்ஃப் கிளப்பில் உறுப்பினர். அவருடைய விருந்தாளியாகப் போய்த்தான் அந்த ஒன்பது ஹோல்களில் ஆடக் கற்றுக்கொண்டேன். (ஹோல் என்றால் டீ என்ற தொடக்க இடத்திலிருந்து, கொடி நட்ட குழி வரை உள்ள ஒரு பாதை.) நம்ம பக்கம் டீக்கடையில் கால்பந்து பேச எத்தனை பேர் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். கோல்ஃப் பேச ஆள் கிடைப்பதில்லை, அதனால் இங்கே கேட்கிறேன்.

நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறோம். ஆடிய ஹோல், டிவியில் பார்த்த ஹோல் எல்லாவற்றுக்கும் மார்க் உண்டு. நீளம், கடினம், அழகு, பராமரிப்பு என்று நான்குக்கும் பத்துப் பத்து. கூட்டிப் பார்த்தால் எப்போதும் தண்ணீரும் மலையும் உள்ள ஹோல்கள்தான் மேலே வந்து நிற்கின்றன. ஃபுளோரிடாவில் டிபிசி சாக்ராஸ் மைதானத்தின் 17ஆவது ஹோல், அதாவது கிரீனைச் (குழி இருக்கும் வழவழப்பான புல்தரை) சுற்றிலும் தண்ணீர் நிற்கும் அந்தத் தீவு கிரீன், எங்கள் பட்டியலில் முதலிடம். ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் மைதானத்தின் 17ஆவது ஹோல் கிட்டத்தட்டக் கடைசி. "ஒரு ரோடு, ஒரு சுவர், ஒரு ஹோட்டல், இதில் என்ன இருக்கு?" என்று நண்பன் ஒருவன் அழகுக்கு 2 போட்டுவிட்டான். ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள் அதைத்தான் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுகிறார்கள்.

எனக்குத் திரும்பத் திரும்ப ஆடத் தோன்றுகிற ஒரு சின்ன பார் 4 (நான்கு அடியில் முடிக்க வேண்டிய ஹோல்) இருக்கிறது. அதற்கும் எங்கள் ஷீட்டில் மார்க் ஏறவே மாட்டேன் என்கிறது. எதைச் சேர்க்க வேண்டும், எதை எடுக்க வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

குளச்சல்_காற்று

ஸ்கோர்கார்டில் ஸ்டிரோக் இண்டெக்ஸ் என்று ஒரு வரிசை இருக்குமே, 1 முதல் 18 வரை. 1 என்று போட்டிருப்பதுதான் அந்த மைதானத்தின் சிறந்த ஹோல் என்று நினைக்கிறேன். தனியாக ஷீட் எதற்கு?

புல்லுக்காரர்_குலசேகரம்

குளச்சல் தம்பி, ஸ்டிரோக் இண்டெக்ஸ் அதற்காகப் போடுவது இல்லை. இரண்டு பேர் ஆடும்போது திறமை குறைந்தவருக்கு எந்தெந்த ஹோலில் ஓர் அடி சலுகை கொடுக்கலாம் என்பதற்கான வரிசை அது. ஸ்லோப் ரேட்டிங் என்று இன்னொன்று உண்டு. 55 முதல் 155 வரை போகும், 113 நடுத்தரம். நன்றாக ஆடுபவரைவிடச் சாதாரண ஆட்டக்காரர் அந்த மைதானத்தில் எவ்வளவு கூடுதலாகத் திணறுவார் என்பதை அது சொல்லும். கடினம் ஒன்று, தரம் வேறொன்று. அகலம் குறைந்த ஃபேர்வே (டீக்கும் கிரீனுக்கும் இடையே வெட்டிய புல்பாதை), இரண்டு பக்கமும் தண்ணீர், 480 யார்டு என்று யார் வேண்டுமானாலும் கடினமான ஹோல் கட்டிவிடலாம்.

நான் வளைகுடாவில் கோல்ஃப் மைதானங்களில் கிரீன் பராமரிப்பில் இருந்துவிட்டு ஊர் திரும்பியவன். இப்போது ரப்பர் தோட்டம்தான் வேலை. அங்கே விடியும் முன்னால் கிரீனுக்குப் போய், பழைய குழியை மூடி, புதுக் குழி வெட்டி, கொடியை நடுவது என் பொறுப்பு. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர், உலகம் முழுக்க அதே அளவு. ஆனால் அதைக் கிரீனில் எங்கே வெட்டுகிறோம் என்பதில்தான் அந்த நாளின் ஆட்டமே இருக்கிறது. ஹோல்களைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வேலை கற்றுக்கொடுத்தது.

கோட்டாறு தம்பி, ஒரு ஹோலைப் பார்த்ததும் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: கிரீனில் கொடியை இடப்பக்கத்திலிருந்து எடுத்து வலப்பக்கம் நட்டால், 400 யார்டு தள்ளி டீயில் நிற்கிறவர் பந்தை அனுப்ப நினைக்கும் இடம் மாறுமா? மாறினால் அது நல்ல ஹோல். மாறவே இல்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் அது வெறும் தூரம்.

உங்கள் நண்பர் 2 போட்ட ஹோலையே எடுத்துக்கொள்வோம். பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியில் அது 495 யார்டு, பார் 4. வலது பக்கம் ஹோட்டல் வளாகம், அங்கே பந்து போனால் எல்லைக்கு வெளியே. பயந்து இடப்பக்கம் அடித்தால் ஃபேர்வே தாராளமாகக் கிடைக்கும். ஆனால் கிரீனின் இடது முன்பக்கத்தில் ரோட் பங்கர் என்ற ஆழமான மணல் குழி, கிரீனுக்குப் பின்னால் தார்ச்சாலை, அதற்கும் அப்பால் கல் சுவர். இடப்பக்கம் இருந்து வருகிறவர் அந்தப் பங்கரைத் தாண்டி அடிக்க வேண்டும், தாண்டிய பந்து சாலைக்கு ஓடாமல் நிற்கவும் வேண்டும். வலது எல்லையை ஒட்டி அடிக்கத் துணிந்தவருக்கு மட்டும் கிரீன் நீளவாக்கில் திறந்துகொள்ளும். துணிச்சல் இல்லாதவர் கிரீனின் வலது முன்பக்கம் நிறுத்திவிட்டு ஐந்தில் முடிக்கலாம், அவரை யாரும் தண்டிப்பதில்லை. 1978 ஓப்பனில் ஜப்பானின் நகாஜிமா கிரீனில் ஏறிய பிறகு பட்டரால் (பந்தை உருட்டும் கோல்) தட்டிய பந்து சரிந்து அந்தப் பங்கருக்குள் போனது. அந்த ஹோலை அவர் 9 அடியில் முடித்தார். அந்தச் சரிவு எல்லாம் அந்த நிலத்திலேயே இருந்தது, யாரும் தண்ணீர் கொண்டுவந்து நிரப்பவில்லை.

சின்ன ஹோல் என்பதால் மார்க் குறைவதுதான் உங்கள் ஷீட்டின் பெரிய குறை என்பேன். லாஸ் ஏஞ்சல்ஸ் ரிவியேராவின் 10ஆவது ஹோல் வெறும் 315 யார்டு. தொழில்முறை ஆட்டக்காரர்கள் ஒரே அடியில் எட்டிவிடும் தூரம். ஆனால் கிரீன் ஒல்லி, சாய்வாக வைத்திருக்கிறார்கள், சுற்றிலும் பங்கர். இடப்பக்கம் சின்னதாக அடித்து வைத்தால் இரண்டாவது அடிக்கு நல்ல கோணம். நேராகக் கிரீனைக் குறிவைத்துத் தவறியவர், 30 யார்டில் நின்றுகொண்டு பந்தைக் கிரீனில் நிறுத்த முடியாமல் தவிப்பார். உலகின் சிறந்த ஆட்டக்காரர்களே டீயில் எந்தக் கோல்ஃப் கோலை எடுப்பது என்று இன்னும் யோசிக்கிறார்கள். நீளத்துக்கு மார்க் போட்டால் இந்த ஹோல் ஃபெயில்.

எதிர் உதாரணமும் உண்டு. அமெரிக்காவில் அகஸ்டா மைதானத்தின் 13ஆவது ஹோல், பார் 5, இடப்பக்கம் வளையும். இடப்பக்கம் ஓடையை ஒட்டிப் போனால் தூரமும் குறையும், பந்தும் சமதரையில் கிடக்கும். வலப்பக்கம் ஒதுங்கினால் சரிவில் நின்று அடிக்க வேண்டும். காலம் போகப்போக நீண்ட தூரம் அடிப்பவர்கள் மூலை மரங்களுக்கு மேலேயே பந்தைப் பறக்கவிட ஆரம்பித்தார்கள், இரண்டாவது அடிக்கு மிகச் சின்ன அயர்ன் (குறைந்த தூரத்துக்கான கோல்) போதுமானதாக ஆனது. 2023இல் டீயை 35 யார்டு பின்னால் தள்ளி 545 யார்டு ஆக்கினார்கள். ஓடையைத் தாண்டுவதா வேண்டாமா என்ற கேள்வி உயிரோடு இருக்கத்தான் அந்த 35 யார்டு.

பராமரிப்புக்குப் பத்து மார்க் கொடுத்திருக்கிறீர்கள். அந்தத் தொழில் பார்த்தவனாகச் சொல்கிறேன், பச்சை நிறத்துக்கு மார்க் போடாதீர்கள். தரை இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்காட்லாந்தின் நார்த் பெரிக்கில் 15ஆவது ஹோலுக்கு ரெடான் என்று பெயர், உலகம் முழுக்க அதைப் பார்த்து ஹோல் கட்டியிருக்கிறார்கள். கிரீன் வலது முன்பக்கத்திலிருந்து இடது பின்பக்கம் சரியும். முன்னாலேயே பந்தை இறக்கி, தரையில் உருளவிட்டுக் கொடியிடம் கொண்டுபோவதுதான் அந்த ஹோலின் சுகம். அதே கிரீனில் தண்ணீரை ஊற்றி மெத்தென்று வைத்துவிட்டால் பந்து விழுந்த இடத்திலேயே நின்றுவிடும், ஹோல் செத்துப்போகும். கிரீனின் வேகமும் அப்படித்தான். வேகம் கூடக்கூட, சரிவான இடங்களில் குழி வெட்ட முடியாது. பந்து நிற்காமல் ஓடிவிடும். கொடி நட நல்ல இடம் நான்கு இருந்த கிரீனில் கடைசியில் ஒன்றுதான் மிஞ்சும்.

இன்னொன்று. 1988இல் துபாயில் மஜ்லிஸ் மைதானம் திறக்கும் வரை வளைகுடாவில் மணலில்தான் ஆட்டம். எண்ணெய் கலந்து இறுக்கிய மணல்தான் கிரீன், அதற்கு பிரௌன் என்றே பெயர். நம்ம கோலார் தங்கவயலிலும் அந்த வழக்கம் உண்டு. புல்லே இல்லாத இடத்தில் ஆடியவர்களும் இந்த ஹோல் நல்லது, அது மோசம் என்று சண்டை போட்டிருக்கிறார்கள்.

மார்த்தாண்டம்_டீச்சர்

அண்ணன் சொன்னது எல்லாம் நன்றாக அடிக்கத் தெரிந்தவர்களின் கண்ணில் பார்த்தது. நான் வெளிநாட்டில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது ஆடப் பழகியவள். என் டிரைவ் (டீயிலிருந்து அடிக்கும் முதல் அடி) 130 யார்டு போனால் அன்றைக்குப் பாயசம்தான். என்னைப் போன்றவர்களுக்கு அந்த ஹோலில் வழி இருக்கிறதா என்பதற்கும் மார்க் வேண்டும். டீயிலிருந்து 150 யார்டு தண்ணீரைத் தாண்டியே ஆக வேண்டும் என்றால், நான் எதை யோசித்து எதைத் தேர்ந்தெடுப்பது? பந்தைத் தொலைப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

அகஸ்டாவை ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸுடன் சேர்ந்து வடிவமைத்த அலிஸ்டர் மெக்கன்சி இதை விடாமல் வலியுறுத்தினார். ஆட்டம் குறைந்தவர் அதிக அடி எடுத்தாலும் சந்தோஷமாக ஆடி முடிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. மனுஷர் படித்தது மருத்துவம். சாக்ராஸ் தீவு கிரீன் யோசனையை அந்த மைதானத்தை வடிவமைத்த பீட் டையிடம் சொன்னது அவர் மனைவி ஆலிஸ் டை. அந்த அம்மாதான் பெண்களுக்கு முன்னால் தனி டீக்கள் ஒழுங்காக அமைக்க வேண்டும் என்று காலமெல்லாம் போராடியவர். முன் டீ என்ற பெயரில் ஃபேர்வே ஓரத்தில் இரண்டு கட்டையை நட்டுவிட்டுப் போகிற மைதானங்களைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும். அங்கிருந்து கோணமும் இல்லை, திட்டமும் இல்லை.

குளச்சல்_காற்று

இண்டெக்ஸ் விஷயம் புரிந்தது அண்ணாச்சி. ஆனால் தீவு கிரீனை இப்படி ஒதுக்க முடியுமா? ஞாயிற்றுக்கிழமை கொடி வலது ஓரத்துக்குப் போனதும் ஆட்டமே மாறுகிறதே.

புல்லுக்காரர்_குலசேகரம்

டீச்சர் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொள்கிறேன். டீ ஒவ்வொன்றிலும் நின்று தனித்தனியாக அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

தம்பி, சாக்ராஸ் 17 வெறும் 137 யார்டு. 1980இல் திறந்த அந்த மைதானத்தைக் கட்டும்போது அந்த இடத்தில் நல்ல மணல் கிடைத்தது, மற்ற ஹோல்களுக்காக அள்ளி அள்ளிப் பெரிய பள்ளம் ஆகிவிட்டது, அதில் பிறந்த யோசனைதான் தீவு. நீங்கள் சொல்வது சரி, கொடி வலது ஓரத்தில் இருந்தால் நடுக் கிரீனுக்கு அடிப்பதா, கொடிக்கே அடிப்பதா என்ற முடிவு இருக்கிறது. அதற்கு மார்க் கொடுக்கிறேன். ஆனால் தவறினால் எல்லோருக்கும் ஒரே தண்டனை. ஓர் அடி தூரம் தவறியவருக்கும் இருபது அடி தூரம் தவறியவருக்கும் வித்தியாசம் இல்லை, தவறிய பிறகு சாமர்த்தியம் காட்ட இடமும் இல்லை. அது பெனால்டி கிக் மாதிரி. போட்டியின் கடைசியில் பார்க்க நெஞ்சு அடித்துக்கொள்ளும், ஆனால் தொண்ணூறு நிமிட ஆட்டத்தின் அருமை அதில் கிடையாது. நான் 7 போடுவேன்.

கோட்டாறு_பையன்

அண்ணாச்சி, டீச்சர், ரொம்ப நன்றி. இப்போது ஷீட்டை எப்படி மாற்றுவது? காற்று, மழைக்கு எல்லாம் தனி மார்க் வேண்டுமா?

புல்லுக்காரர்_குலசேகரம்

காற்றுக்குத் தனி மார்க் வேண்டாம், ஆனால் காற்று இல்லாத நாளில் மட்டும் பார்த்துவிட்டு மார்க் போட வேண்டாம். ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழி தாண்டி முப்பந்தல் வரை பைக்கில் போனவர்களுக்குத் தெரியும், காற்று ஆளையே தள்ளும். அப்படிக் காற்று எதிரே வரும்போதும், முதுகில் தள்ளும்போதும், இரண்டிலும் ஆடத்தக்க வழி இருந்தால்தான் ஹோல் தேறும். ஒரே ஒரு காற்றுக்கு மட்டும் சரியாக இருக்கிற குறுகலான ஹோல் மற்ற நாட்களில் தொல்லை.

கூட்டல் கணக்கை விட்டுவிடுங்கள். கோல்ஃப் டைஜஸ்ட் பத்திரிகை முழு மைதானங்களுக்குப் பல தலைப்புகளில் மார்க் போட்டுக் கூட்டுகிறது. மைதான வடிவமைப்பாளர் டாம் டோக் 0 முதல் 10 வரை ஒரே எண்ணில் சொல்லிவிடுகிறார். ஒற்றை ஹோலுக்கு எனக்கு இரண்டாவது வழிதான் பிடிக்கும். ஆனால் எண்ணை எழுதும் முன் சில வரிகள் எழுதுங்கள். எங்கே அடித்தால் லாபம், அதற்கு என்ன விலை, டீச்சர் மாதிரி ஆடுபவருக்கு வழி எது, கொடி நகர்ந்தால் இதெல்லாம் எப்படி மாறும். எழுத ஒன்றும் இல்லாத ஹோலுக்கு 5க்கு மேல் போகாதீர்கள். அழகு? இரண்டு ஹோல் சமமாக நின்றால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், கிளப்பில் அனுமதி கேட்டு ஒரு காலையில் கிரீனிலிருந்து டீ வரை பின்னோக்கி நடந்து பாருங்கள். டீயிலிருந்து பார்க்கும்போது பங்கர் எல்லாம் கண்ணை மிரட்டத்தான் செய்யும், எதற்காக அங்கே இருக்கிறது என்பது கிரீனில் நின்று திரும்பிப் பார்த்தால்தான் தெரியும். உங்களுக்குப் பிடித்த அந்தச் சின்ன பார் 4 எத்தனை யார்டு, கிரீன் எந்தப் பக்கம் சாய்கிறது, கொடியை வழக்கமாக எங்கே நடுகிறார்கள்? எழுதுங்கள், மார்க் போட்டுப் பார்ப்போம்.