கரையில் சூரன், கடலில் சோப்ளாங்கி: ஆர்பிஜி கப்பல் சண்டையை எப்படிச் சமாளிப்பது?

மந்திரக்கோல் எழுதியது:

முதலில் கொஞ்சம் புலம்பிவிடுகிறேன், கேள்வி அப்புறம்.

பில்லர்ஸ் ஆஃப் எட்டர்னிட்டி 2: டெட்ஃபயர் என்ற ஆர்பிஜி (ஒரு பாத்திரத்தை நாமே வளர்த்து ஆடும் கணினி விளையாட்டு) ஆடிக்கொண்டிருக்கிறேன். என் ஆள் மந்திரவாதி. தரையில் எந்தக் கும்பல் வந்தாலும் கவலை கிடையாது. என் குழுவின் வீரன் எடேர் வாசலை அடைத்துக்கொண்டு நிற்பான், நான் பின்னாலிருந்து சில் ஃபாக் மந்திரம் போடுவேன். உறைபனி மூட்டத்துக்குள் கண் தெரியாமல் தடுமாறுகிறவர்களை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள். எந்த மந்திரம், எந்த வரிசை, யார் எங்கே நிற்பது என்று யோசித்து யோசித்து வளர்த்த குழு.

அப்புறம் கப்பல் ஏறுகிறோம். எதிரே ஒரு கொள்ளைக்காரக் கப்பல். உடனே ஆட்டமே மாறிவிடுகிறது. திரையில் ஒரு பத்தி எழுத்து, கீழே சில பொத்தான்கள்: முன்னே போ, திரும்பு, நில், சுடு. பீரங்கியைக் குறி பார்த்துத் திருப்புவதற்குள் அவன் தன் பக்கவாட்டைக் காட்டிவிடுகிறான். நான் சுட்டால் தண்ணீரில் விழுகிறது, அவன் சுட்டால் என் ஆட்கள் மேல் விழுகிறது. அடுத்த பல சுற்றுகளுக்கு என் பீரங்கி மறுபடி குண்டு நிரப்பிக்கொண்டே இருக்கும்.

இதில் என்னை உண்மையில் எரிச்சலூட்டுவது தோற்பது இல்லை. தீப்பந்து வீசத் தெரிந்த ஒரு மந்திரவாதி கப்பல் தளத்தில் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறானே, அதுதான். எதிரே இருப்பது மரக்கப்பல், துணிப்பாய், வெடிமருந்து! தீயை வைத்து என்னவெல்லாம் செய்யலாம்? அப்படி ஒரு பொத்தானே இல்லை. ஆர்பிஜி என்றால் நான் வளர்த்த ஆள்தான் ஆட்டம். கடலுக்குப் போனதும் அவன் வெறும் பயணி.

அசாசின்ஸ் கிரீட் வரிசையின் கடற்கொள்ளையர் ஆட்டமான பிளாக் ஃபிளாக்கிலும் இதே கதைதான். கத்தியில் கில்லாடியாக இருந்து என்ன பயன்? வரைபடத்தின் மூலையில் காத்திருக்கும் எல் இம்பொலூட்டோ என்ற எதிரிக் கப்பல் வந்து முட்டினால் என் கப்பல் ஜாக்டாவ் கடலுக்கடியில்.

கேள்வி இரண்டு. ஒன்று, டெட்ஃபயரில் இந்தப் பீரங்கிச் சண்டையைத் தவிர்ப்பதுதான் புத்திசாலித்தனமா, இல்லை இதில் ஏதாவது சூட்சுமம் இருக்கிறதா? இரண்டு, நான் வளர்த்த ஆளுக்குக் கடலிலும் மதிப்பு கொடுக்கிற ஆட்டம் ஏதாவது உண்டா?

---

நங்கூரம் எழுதியது:

ப்ரோ, டெட்ஃபயரில் பீரங்கிச் சண்டையை ஜெயிக்கணும் என்று யார் சொன்னது? அதை வாசல் என்று நினையுங்கள். உள்ளே போனால் உங்கள் எடேரும் மந்திரவாதியும் எதிரியின் தளத்தில் இறங்கி வழக்கமான சண்டை போடலாம். அங்கே தீப்பந்தை எவ்வளவு வேண்டுமானாலும் வீசுங்கள்.

போய்ச் சேரும் வழிதான் விஷயம். சாதாரண குண்டு கப்பலின் உடலை உடைக்கும். அடுத்த கப்பலைக் கைப்பற்ற நினைக்கிற ஆள் அதைப் போட்டு என்ன செய்யப் போகிறார்? முதலில் சங்கிலிக் குண்டு. அது பாயைக் கிழித்துவிடும், அவனால் விலகி ஓட முடியாது. நெருங்கியதும் கிரேப் ஷாட் (சிறு குண்டுகளின் கொத்து), அது ஆட்களைக் காயப்படுத்தும். பிறகு ஏறுங்கள், மேலே நிற்கும் கூட்டம் கொஞ்சம் இளைத்திருக்கும்.

எந்தப் பீரங்கி எவ்வளவு தூரம் சுடும் என்று வாங்கும்போதே பாருங்கள். ஏறுவதுதான் உங்கள் திட்டம் என்றால் நீண்ட தூரப் பீரங்கி தேவையே இல்லை. கிட்டத்தில் பலமாக அடிக்கிறதை வாங்குங்கள்.

இன்னொன்று, மாலுமிகள். நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. சுக்கான் பிடிப்பவர், பீரங்கிக்காரர், மருத்துவர், சமையல்காரர் என்று ஒவ்வொரு இடத்துக்கும் தனி ஆள் உண்டு. ஆட ஆட அவர்களுக்கும் அனுபவம் ஏறும். மந்திரவாதிக்கு மந்திரம் தேர்ந்தெடுப்பதில் காட்டுகிற அக்கறையில் பாதியை இங்கே காட்டினால் போதும். காயம்பட்டவருக்குப் பதிலாக நிற்க ஓரிரண்டு பேர் உபரியாக வேண்டும். சாப்பாடு, குடி விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். மன உறுதி சரிந்தால் கப்பலே சரிந்த மாதிரி.

---

பழைய மாலுமி எழுதியது:

எனக்கு இந்தப் புலம்பலே பிடிக்கவில்லை தம்பி, கோபித்துக்கொள்ளாதே. உன் ஆள் எத்தனையாவது லெவல் என்று கடலுக்குத் தெரியாது. தெரியவும் கூடாது. கப்பல் சண்டையின் அழகே அதுதான். அங்கே ஜெயிப்பது இடம், கோணம், காற்று.

1805 அக்டோபர் 21, டிரஃபால்கர் கடற்போர். பிரிட்டிஷ் தளபதி நெல்சனின் விக்டரி கப்பலில் 104 பீரங்கிகள். நேராக முன்னேறி வந்தபோது அவற்றில் பெரும்பாலானவற்றால் சுடவே முடியவில்லை. அடியை வாங்கிக்கொண்டே வந்து பிரெஞ்சுக் கப்பல் புசென்டோரின் பின்பக்கமாகக் குறுக்கே போய், ஒரே மூச்சில் பொழிந்தார்கள். பாய்மரக் கப்பலின் பின்பக்கம் முழுக்க ஜன்னல், மெல்லிய மரம். உள்ளே நுழைந்த குண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை போகும். வழியில் தடுக்கச் சுவர் கிடையாது. பக்கவாட்டில் அடித்தால் ஒரு பீரங்கி போகும், பின்னால் அடித்தால் ஒரு வரிசையே போகும்.

2009-இல் வந்த எம்பயர்: டோட்டல் வார் ஆடிப் பார். இந்தப் பின்பக்கத் தாக்குதலுக்கு அங்கே நிஜமான பலன் உண்டு. எதிரியின் பக்கவாட்டோடு பக்கவாட்டாக நின்று சுடுகிறவன் எப்போதும் நஷ்டப்படுவான். அவனுடைய பீரங்கி உன்னைப் பார்க்காத இடத்தில் நில், உன் பீரங்கி அவனைப் பார்க்கட்டும். எல்லாக் கப்பல் ஆட்டத்துக்கும் இதுதான் பாடம். வேர்ல்ட் ஆஃப் வார்ஷிப்ஸிலும் இதுவே வேறு வேஷத்தில் வரும்: உடலைக் குறுக்கே காட்டினால் கவசத்துளைப்புக் குண்டு நடு வயிற்றில் இறங்கும், சாய்த்துக் காட்டினால் அதே குண்டு தெறித்துப் போகும். (அதில் ஒரு தீ பிடித்த உடனே தீயணைப்புப் பொத்தானை அழுத்துகிறார்களே, அவர்களை என்ன செய்வது? அந்தப் பொத்தான் மறுபடி தயாராவதற்குள் இரண்டாவது தீயும் மூன்றாவது தீயும் வரும்.)

சிட் மெய்யர்ஸ் பைரேட்ஸ், 2004 பதிப்பு, இன்னும் வைத்திருக்கிறேன். சண்டையில் பாயைக் கொஞ்சம் சுருக்கினால் கப்பல் சட்டென்று திரும்பும், பாயும் அவ்வளவாகக் கிழியாது. முழுப் பாயை விரித்துக்கொண்டு சண்டைக்குப் போகிறவர்கள் நேர்கோட்டில் ஓடத்தான் லாயக்கு. கரீபியனில் காற்று பெரும்பாலும் கிழக்கிலிருந்து வீசும், ஆட்டத்திலும் அப்படியே. ஆகவே கிழக்கே துரத்துவது வீண் வேலை. எதிரிக்குக் காற்று வரும் பக்கத்தில் போய் நின்றுகொள். எப்போது நெருங்குவது என்பது உன் கையில் இருக்கும்.

எல் இம்பொலூட்டோவைப் பற்றிச் சொன்னாயே. அது முட்டத்தான் வரும், அதற்கு வேறு யோசனை கிடையாது. அதன் மூக்குக்கு நேரே நிற்காதே. கடைசி நேரத்தில் ஒதுங்கு, ஒதுங்க முடியாவிட்டால் ஆட்களைக் குனிய வை. அது பக்கத்தில் உரசிப் போகும்போது கனரகக் குண்டு கிட்டத்தில் இருந்து நன்றாக வேலை செய்யும். அந்த மூலைக் கப்பல்களை ஏறிப் பிடிக்க முடியாது, மூழ்கடிக்க வேண்டியதுதான். அதாவது நடுவில் ஒரு கப்பலைப் பிடித்து ஜாக்டாவைப் பழுது பார்க்கிற சலுகை அங்கே இல்லை. உடல் கவசத்தின் உச்சகட்ட வரைபடத்தைத் தேடி எடுத்துப் பொருத்தாமல் அந்தப் பக்கமே போகாதே.

---

மந்திரக்கோல் எழுதியது:

அண்ணே, கோணமும் காற்றும் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கடைசி வரியில் நீங்களே கவசத்தை உயர்த்தாமல் போகாதே என்கிறீர்கள்! அது லெவல் இல்லாமல் வேறென்ன? பலகைக்கும் இரும்புக்கும் லெவல் ஏறலாம், மனிதனுக்கு ஏறக்கூடாதா? நெல்சன் இடத்தில் நான் நின்றிருந்தால் புசென்டோர் தப்பித்திருக்கும். கேப்டன் யார் என்பது முக்கியம்தானே. ஆட்டம் அதைக் கணக்கில் எடுக்கவில்லை என்பதுதான் என் வாதம்.

---

விளக்கில்லாக் கப்பல் எழுதியது:

உங்கள் இரண்டாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சன்லெஸ் சீ ஆடுங்கள், 2015-இல் வந்தது. நீங்கள் கேட்பது அப்படியே இருக்கிறது. கேப்டனுக்கு அயர்ன் என்று ஒரு குணம். அது ஏறினால் உங்கள் பீரங்கி பலமாக அடிக்கும். மிரர்ஸ் ஏறினால் குறி சீக்கிரம் விழும். வெயில்ஸ் ஏறினால் எதிரி உங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டம். துறைமுகத்தில் ஒரு கதையில் நீங்கள் எடுக்கிற முடிவு அடுத்த வாரம் ஒரு ராட்சத நண்டோடு மோதும்போது பலன் தரும். கப்பலும் ஆளும் தனித்தனி இல்லை.

விளக்கை அணைத்துவிட்டு எதிரிக்குத் தெரியாமல் நழுவலாம். ஆனால் இருட்டில் போகப் போக மாலுமிகளின் பயம் ஏறும். பயம் உச்சத்துக்குப் போனால் பீரங்கியால் ஒன்றும் செய்ய முடியாது. என் பெயரைப் பார்த்தால் நான் எந்தக் கட்சி என்று தெரிந்திருக்கும்.

எச்சரிக்கை ஒன்று: மெதுவான ஆட்டம், நிறையப் படிக்க வேண்டும், கேப்டன்கள் சாவார்கள். செத்தவர் வைத்திருந்ததில் கொஞ்சம் அடுத்த கேப்டனுக்குப் போகும், மற்றது போனது போனதுதான். பொறுமை இல்லாதவருக்குச் சரிவராது.

பிளாக் ஃபிளாக் பாணிதான் பிடிக்கும் என்றால் அசாசின்ஸ் கிரீட் ஒடிசி, 2018. உங்கள் கப்பல் அட்ரெஸ்டியாவுக்குத் துணை அதிகாரிகளை நீங்களே சேர்க்கலாம். கரையில் ஒரு வீரனைக் கொல்லாமல் மயக்கமாக்கி, ஆளெடுத்துக் கப்பலில் சேர்த்தால் அவனுடைய திறமை கப்பலின் அம்புக்கோ ஈட்டிக்கோ உடலுக்கோ பலம் கூட்டும். யாரிடம் என்ன இருக்கிறது என்று கழுகு இக்காரோஸை விட்டு முன்பே பார்த்துவிடலாம். கோட்டைக்குள் போகும்போது கொல்வதற்கு முன் ஒரு தடவை மேலே பறந்து பாருங்கள். நல்ல தளபதியை உதைத்துப் பள்ளத்தில் தள்ளிவிட்டு அப்புறம் வருந்த வேண்டாம்.

---

மந்திரக்கோல் எழுதியது:

நங்கூரம் சொன்னபடி நேற்று செய்து பார்த்தேன். சங்கிலிக் குண்டில் பாயைக் கிழித்து, நெருங்கி, கிரேப் ஷாட் ஒன்று, உடனே ஏறினேன். மேல் தளத்தில் சில் ஃபாக், அதற்குள் எடேர். இரண்டு நிமிடத்தில் முடிந்தது. மகிழ்ச்சிதான், ஆனால் இப்போது சுக்கான்காரர் கை உடைந்து படுத்திருக்கிறார், உபரி ஆளும் இல்லை. மருத்துவர் இடத்தில் ஒரு புதுமுகம். இவரை வைத்துத் துறைமுகம் வரை போகலாமா, இல்லை வழியில் வேறு சண்டை வந்தால் ஓடிவிடுவதா?

---

நங்கூரம் எழுதியது:

ஓடுங்கள். சுக்கானில் ஆள் இல்லாமல் கோணம் பேசிப் பயனில்லை. துறைமுக விடுதியில் ஆள் கிடைப்பார்கள், இந்தத் தடவை இரண்டு பேராக எடுங்கள். முதலில் அந்தப் புது மருத்துவரை மாற்றுங்கள்.