கரண்டோடு போன வீட்டு பிளான்: ஓட்டோகாட் பைலை மீட்க வழி உண்டா?

கல்லடிப் படவரைஞன்:
மட்டக்களப்புக் கல்லடியில் வீட்டிலிருந்தே, ஓட்டோகாட் என்ற படம் கீறும் மென்பொருளில் பிளான் கீறிக் கொடுக்கிறவன் நான். ஆரையம்பதியில் 12 பேர்ச் காணி, மாடி வீடு, மூன்று கிழமை வேலை. வீட்டுக்காரர் கட்டாரிலிருந்து லீவில் வந்து நிற்கிறார். திங்கட்கிழமை பிரதேச சபைக்குக் கொடுக்க வேண்டும்.

நேற்றுப் பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. மத்தியானத்துக்குப் பிறகு முதல் தடவையாக சேவ் கொடுத்தேன், அந்த நொடியே கரண்ட் போய்விட்டது. யூபிஎஸ் இருக்கிறது, பேட்டரி போன வருடமே செத்துவிட்டது. கடற்காற்றுக்கு எங்கள் பக்கம் எந்தச் சாமானும் இரண்டு மாரி தாங்காது.

இரவு திறந்தால், இது சரியான டிராயிங் பைல் இல்லை என்கிறது. அளவு மட்டும் 1.8 எம்பி என்று ஒழுங்காகக் காட்டுகிறது. பைல் இருந்தது பென் டிரைவில். ஓம், பென் டிரைவிலேயே வைத்துத்தான் வேலை செய்தேன். திட்டுகிறவர்கள் கடைசியில் திட்டுங்கள். சேவ் கொடுக்கும்போது முந்திய நிலையைப் பிரதியாக வைத்துக்கொள்ளும் பாக் பைலும் இல்லை. பழைய கொம்பியூட்டரில் சேவ் ஆக நேரம் எடுக்கிறதென்று அதை எடுக்கச் சொல்லும் ஐசேவ்பாக் அமைப்பைப் பூச்சியமாக்கிய பழக்கம், புதியதிலும் அப்படியே செய்து வைத்திருந்தேன். ஓட்டோகாட் திறந்தபோது பக்கத்தில் மீட்பு என்று ஒரு பெட்டி வந்தது. வழமைபோல மூடிவிட்டேன்.

செங்கலடி:
பழுதான பைலை மீட்கும் ரெக்கவர் கட்டளை கொடுத்துப் பாருங்கள். எனக்கு ஒருமுறை அதில்தான் வந்தது. சரிவராவிட்டால் பிழை தேடித் திருத்தும் ஓடிட்.

கல்லடிப் படவரைஞன்:
ரெக்கவர் நேற்றே கொடுத்தேன். அதே பதில்தான்.

காத்தான்குடியிலிருந்து:
ஓடிட் திறந்திருக்கும் பைலுக்குத்தான் வேலை செய்யும், இங்கே பைலே திறக்கவில்லையே. தம்பி, அந்தப் பைலை டெஸ்க்டாப்பில் ஒரு பிரதி எடுத்துவிட்டு பென் டிரைவைக் கழற்றி வையுங்கள். அதில் இனி ஒன்றும் எழுத வேண்டாம்.

பிரதியை நோட்பேடில் திறந்து பாருங்கள், சேவ் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். நல்ல டிராயிங் பைலின் முதல் ஆறு எழுத்தும் அதன் வடிவத்தைச் சொல்லும். 2018 வடிவம் என்றால் ஏசி1032, 2013 வடிவம் என்றால் ஏசி1027. அது இருந்தால் ரெக்கவரோடு இன்னும் கொஞ்சம் மல்லுக்கட்டலாம். முழுக்க வெறுமையாக இருந்தால், எழுதும்போது கரண்ட் போய் இடம் மட்டும் ஒதுக்கி உள்ளே ஒன்றும் போகவில்லை என்று அர்த்தம். 1.8 எம்பி என்ற கணக்கை நம்பி உட்கார்ந்திருக்காதீர்கள்.

இனி முக்கியமானது. உங்கள் பைல் பென் டிரைவில் கிடந்தாலும் ஓட்டோகாட் தானாக எடுக்கும் பிரதி அங்கே போவதில்லை, கொம்பியூட்டரில் தற்காலிகப் பைல்கள் கிடக்கும் டெம்ப் போல்டருக்குப் போகும். நீங்கள் மாற்றாவிட்டால் 10 நிமிடத்துக்கு ஒன்று. ஓட்டோகாட்டை ஒழுங்காக மூடினால் அது அழிந்துவிடும். கரண்ட் போனால் யார் மூடுவது? கிடக்கும். மூடிய அந்தப் பெட்டியை டிராயிங்ரெக்கவரி என்று அடித்தால் திரும்ப எடுக்கலாம். அதில் இல்லாவிட்டால் ரன் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிக்கு நடுவில் டெம்ப் என்று அடியுங்கள். உங்கள் பைலின் பெயரும் பின்னால் சில இலக்கங்களும் கொண்டு, எஸ்வி டொலர் (.sv$) என்று முடியும் பைல் இருக்கும். இடத்தை மாற்றியிருந்தால், ஓட்டோகாட்டில் சேவ்பைல்பாத் என்று அடித்தால் காட்டித்தரும். அதைப் பிரதி எடுத்து, பிரதியின் பின்னொட்டை டிடபிள்யூஜி என்று மாற்றித் திறவுங்கள். விண்டோஸ் பின்னொட்டை மறைத்திருந்தால் முதலில் காட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பெயர் மாறியது போலத் தெரியும், பைல் பழையபடியே இருக்கும். நான் ஒரு முறை அப்படி அரை மணித்தியாலம் அவமாக்கினேன்.

அதுவரை கிளீனர் எதையும் ஓட்ட வேண்டாம். டெம்ப் குப்பை என்று அதைத்தான் முதலில் கூட்டும்.

அக்கரைப்பற்று அக்கா:
வீட்டுக்காரருக்கு வட்ஸ்அப்பில் பிடிஎப் அனுப்பியிருப்பீர்களே? ஓட்டோகாட்டிலிருந்தே எடுத்த பிடிஎப் என்றால் கோடுகள் கோடாகவே உள்ளே இருக்கும். 2017 பதிப்பு முதல் பிடிஎப்இம்போர்ட் என்ற கட்டளை இருக்கிறது, அதில் இறக்கலாம். அளவுக்கோடுகள் உடைந்து தனித்தனிக் கோடும் எழுத்துமாக வரும், ஸ்கேலையும் தெரிந்த ஒரு சுவரை வைத்துச் சரிபார்க்க வேண்டும். ஆனாலும் மூன்று கிழமை வேலையைத் திரும்பக் கீறுவதை விட மேல். ஸ்கான் பண்ணிய பிடிஎப்புக்கு இது சரிவராது.

கல்லடிப் படவரைஞன்:
காத்தான்குடிக் காக்கா, நோட்பேடில் ஓர் எழுத்துக்கூட இல்லை. வயிறு கலங்கிவிட்டது. டெம்புக்குள் போனால் எஸ்வி டொலர் இரண்டு கிடக்கின்றன. ஒன்று போன மாதத்து கோழிக்கூடு (அதற்கும் பிளான் கேட்டார்கள், கேட்காதீர்கள்). மற்றது நேற்று 5.37க்கு எடுத்தது. கரண்ட் போனது 5.45 அளவில். பெயரை மாற்றித் திறந்தேன், வீடு முழுக்க நிற்கிறது! மாடிப்படியின் கைப்பிடி மட்டும் இல்லை, அது இன்று இரவே கீறி முடியும்.

அக்கா, புதன்கிழமை அனுப்பிய பிடிஎப்பையும் இறக்கி மேலே வைத்து ஒப்பிட்டேன். சுவர்கள் பொருந்துகின்றன. பின்பக்கக் குசினி ஜன்னல் ஒன்று மட்டும் தள்ளியிருக்கிறது. அது வீட்டுக்காரரின் மனைவி வியாழக்கிழமை மாற்றச் சொன்னது, பைலில் உள்ளதுதான் சரி.

ஐசேவ்பாக் இப்போது 1. தானாகப் பிரதி எடுக்கும் இடைவெளியான சேவ்டைமை 5 நிமிடம் ஆக்கினேன். பைல் டி டிரைவுக்கு வந்துவிட்டது, பென் டிரைவ் இனி பிரிண்ட் கடைக்குக் கொண்டுபோக மட்டும். சரி, இப்போது திட்டலாம்.

காத்தான்குடியிலிருந்து:
திட்டவில்லை. பிளான் காசு கிடைத்ததும் யூபிஎஸ் பேட்டரியை வாங்குங்கள்.