மறு: பவுடர் மெஷர்: 'மருந்துழக்கு' என்று வைக்கலாமா?

வணக்கம் ஐயா, வணக்கம் அக்கா.

துப்பாக்கிக்கான வெடிமருந்தை அளக்கும் பித்தளைக் குழாயான பவுடர் மெஷருக்குத் தமிழ்ப் பெயர் தேடுகிறோம். அதற்கு ஐயா சொன்ன 'மருந்து நிறைகாட்டி' வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாம் எழுதும் எச்சரிக்கை அட்டை டர்பன் பக்கம் ஃபூர்லாயர் (குழலின் வாய்வழியே மருந்தும் குண்டும் இடும் துப்பாக்கி) சுடப் பழகும் நம் பிள்ளைகள் கைக்குப் போகிறது. அதில் 'நிறை' என்று இருந்தால் தராசைத்தான் தேடுவார்கள்.

குழப்பம் அந்தப் பித்தளைக் குழாயிலேயே இருக்கிறது. அதன்மேல் வெட்டியிருப்பது கிரெய்ன் கணக்கு. கிரெய்ன் எடையளவுதான், ஒரு பவுண்டுக்கு 7000. ஆனால் குழாய் அளப்பது கொள்ளளவை. பழைய வகை வெடிமருந்தான கருமருந்துக்கு இரண்டும் ஏறக்குறைய ஒத்துப்போகும். அதற்கு மாற்றாக வரும் பைரோடெக்ஸ் அப்படியல்ல, லேசானது. குழாயில் 100 வரை நிரப்பினால் தராசில் 70, 75 கிரெய்ன்தான் காட்டும். அதையே 100 நிறுத்துப் போட்டால் மூன்றில் ஒரு பங்காவது கூடுதல் மருந்து குழலுக்குள் போய்விடும். உழக்கு என்றால் அந்தப் பேச்சே இல்லை. அரிசியை முகந்து அளப்பது போல முகந்து அளப்பது என்று எவருக்கும் புரியும்.

அக்காவின் 'கொம்பளவை' கேட்க அழகாக இருக்கிறது. ஆனாலும் மருந்தை நிரப்பி வைக்கும் கொம்பையும் அளவையும் ஒரே சொல்லில் சேர்க்கக் கூடாது. ஒரு முறை சுட்டபின் குழலின் அடியில் கங்கு கிடக்கலாம். கொம்பிலிருந்து நேராக ஊற்றினால், பற்றும்போது கையிலிருக்கும் கொம்பு முழுவதும் வெடிக்கும். கொம்பிலிருந்து உழக்குக்கு, கொம்பை மூடி அப்பால் வைத்துவிட்டு, அப்புறம்தான் உழக்கிலிருந்து குழலுக்கு. அப்போதும் குழல்வாய்க்கு நேரே முகம் இருக்கக் கூடாது. ஆப்பிரிக்கான்ஸிலும் கொம்புக்கு 'க்ரெய்ட்ஹோரிங்' என்று தனிப்பெயர் உண்டு. நாமும் 'மருந்துக்கொம்பு' என்று தனியே வைப்போம்.

உழக்குக்கான விளக்கத்தில் 'கருமருந்துக்கும் அதன் மாற்றுகளுக்கும் மட்டும்' என்று கட்டாயம் சேர்க்க வேண்டும். இன்றைய தோட்டாக்களில் வரும் புகையில்லா மருந்தை இந்தத் துப்பாக்கியில் இட்டால் குழலே பிளந்துவிடும்.

குண்டைக் குழலுக்குள் தள்ளும் ராம்ராடுக்குக் 'குத்துக்கோல்' சரிதான், ஆனால் குத்தச் சொல்வது போல் ஒலிக்கிறது. குண்டு மருந்தின்மேல் இடைவெளியில்லாமல் அமர்ந்தால் போதும், இடிக்க வேண்டியதில்லை. இடைவெளி விட்டால் குழல் உப்பும், வெடிக்கவும் கூடும். குண்டு சரியாக அமர்ந்த ஆழத்தைக் கோலில் கோடிட்டு வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளலாம். அதனால் 'அமர்த்துகோல்' என்கிறேன். அக்கா, இதற்கு உங்கள் கருத்து வேண்டும்.

ஐயா, அட்டை அச்சுக்குப் போகுமுன் 'நிறைகாட்டி'யை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.